அறை வெளிச்சத்தில் இயங்கும் பேட்டரியில்லாச் சென்சார்: இடத்தை அளப்பது முதல் சுவரில் மாட்டுவது வரை

இந்த வழிகாட்டியின் முடிவில், அலுவலகச் சுவரில் மாட்டப்பட்டு, அந்த அறையின் வெளிச்சத்தை மட்டுமே கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் புளூடூத் வழியாக அறிவிக்கும் ஒரு சிறு கருவி உங்கள் கையில் இருக்கும். பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் எங்கள் அறைக்கு வந்து இதைச் செய்து பழகும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் நிரல் எழுதுவதில் கெட்டிக்காரர்கள். ஆனாலும் முதல் முயற்சி ஏறக்குறைய எல்லோருக்கும் தோற்றுப்போகிறது. அவர்கள் மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் தொடங்கி, வெளிச்சத்தைப் பற்றிக் கடைசியில் யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது. அதை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. தொடங்குமுன் வேண்டியவை

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்று, மைக்ரோஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர், சில நூறு ஓம் முதல் சில லட்சம் ஓம் வரையிலான மின்தடைகள், 10 ஓம் மின்தடை ஒன்று, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஓரிரு நாள் இரவல் கிடைக்கும் ஆசிலோஸ்கோப் ஆகியவை போதும். லக்ஸ் மீட்டர் இல்லையென்றால் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தலாம், ஆனால் கைப்பேசியின் ஒளியுணரி திரைப்பக்கத்தின் மேல்முனையில் இருப்பதால், சுவரில் கைப்பேசியின் முதுகைச் சாய்த்துத் திரை அறையைப் பார்க்குமாறு பிடிக்க வேண்டும்.

முதல் நாளே பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வராதீர்கள். அங்கே எல்லாம் கிடைக்கும் என்பதுதான் ஆபத்து. எந்த அளவுச் செல் (ஒளியை மின்சாரமாக்கும் தகடு), எவ்வளவு மின்தேக்கி என்பது நான்காம் படியின் கணக்கு முடிந்த பிறகே தெரியும்.

2. மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்தை அளத்தல்

நேர் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். நல்ல விளக்குள்ள அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். அதே அறையின் சுவரில் 100 முதல் 200 லக்ஸ் மட்டுமே இருப்பது சாதாரணம். நம் கண் இந்த வேறுபாட்டை உணராது, ஏனெனில் பாவை விரிந்து சுருங்கி எல்லாவற்றையும் சமன்செய்துவிடுகிறது. ஆகவே "அறை நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கிறது" என்ற கணிப்புக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை.

மாட்டப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில், சுவருக்கு இணையாக வைத்துக் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை அளந்து, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அளப்பது நல்லது. பெங்களூரில் ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நிற்கும் வீடுகள் ஏராளம். அங்கே ஜன்னலோரம் என்பதால் வெளிச்சம் கூடிவிடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிய நாட்கள் அடுத்தடுத்து வருவதால், மார்ச் மாதத்து அளவை வைத்து ஆண்டு முழுமைக்கும் கணக்குப் போடக்கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தானாக அணையும் விளக்குகள் உள்ள அலுவலகத்தில், "பத்து மணி நேரம்" என்று நாம் எழுதிக்கொள்வது உண்மையில் ஆறு மணி நேரமாக இருக்கலாம்.

3. வெளிச்சம் போதாதபோது வேறு மூலங்கள்

சுவரில் 50 லக்ஸுக்கும் குறைவாக இருந்தால் இடத்தை மாற்றப் பாருங்கள். அது முடியாதபோதுதான் மற்ற மூலங்களைக் கருத வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றும் ஒரு கடுமையான நிபந்தனையோடு வருகிறது.

பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் மோட்டார் அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பலர் வருகிறார்கள். அதிரும்போது மின்சாரம் தரும் பீசோ பட்டை தன் இயல்பதிர்வெண்ணைச் சுற்றிச் சில ஹெர்ட்ஸ் வரம்புக்குள் மட்டுமே உருப்படியாக விளைச்சல் தரும். நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்று ஏட்டில் இருந்தாலும், சுமையோடு சுற்றும்போது சுமார் 1,440 தான் வரும். அதாவது 25 ஹெர்ட்ஸ் அல்ல, 24 ஹெர்ட்ஸ். எனவே முதலில் அதிர்வை அளந்து, பிறகு பட்டையின் முனையில் எடை சேர்த்துச் சுருதி கூட்ட வேண்டும்.

வெப்ப வேறுபாட்டில் இயங்கும் தகடுகளில், குழாய்க்கும் காற்றுக்கும் இடையே 30 டிகிரி வேறுபாடு இருந்தாலும், தகட்டின் இரு முகங்களுக்கு இடையே சில டிகிரி மட்டுமே மிஞ்சும், மீதியை வெப்பத்தணிப்பான் விழுங்கிவிடும். கைப்பேசிக் கோபுர அலைகளிலிருந்து எடுக்கலாம் என்ற யோசனையை இப்போதே கைவிடலாம்: ரேடியோ அலையை மின்சாரமாக்கும் சில்லுகளுக்குப் பல பத்து மைக்ரோவாட் வேண்டும், தெருவில் ஆண்டெனாவுக்கு வந்து சேர்வதோ வழக்கமாக ஒரு மைக்ரோவாட்டுக்கும் கீழே. மின்கம்பியைச் சுற்றி மாட்டும் மின்னோட்ட மாற்றி நன்றாக வேலை செய்யும். ஆனால் அதை ஒற்றைக் கம்பியைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும் (இரு கம்பிகளையும் சேர்த்துச் சுற்றினால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்), அந்தப் பெட்டியைத் திறப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனின் வேலை.

4. வரவு செலவுக் கணக்கு

எல்லாப் படிகளிலும் இதுவே நீளமானது. இதைத் தாளில் போடாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்காதீர்கள்.

வரவை முதலில் எழுதுவோம். சுமார் 6 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவுள்ள, அறைக்குள் பயன்படுத்துவதற்கான அமார்ஃபஸ் சிலிக்கான் செல் 200 லக்ஸில் ஏறத்தாழ 3 வோல்ட்டில் 40 மைக்ரோஆம்பியர், அதாவது 120 மைக்ரோவாட் தரும். மாற்றுச் சுற்றில் (செல்லின் மின்சாரத்தைச் சேமிக்கவும் செலவிடவும் ஏற்ற மின்னழுத்தத்துக்கு மாற்றும் சுற்று) இழப்பு போக 80 மைக்ரோவாட் என்று வைப்போம். நாளுக்கு 10 மணி நேரம் விளக்கெரிந்தால் 2.88 ஜூல் சேரும். அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 33 மைக்ரோவாட். அலுவலகம் வாரத்தில் 5 நாள் மட்டுமே திறந்திருந்தால் அது 24 மைக்ரோவாட்டாகக் குறையும். தூசிக்கும் மந்தமான நாட்களுக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். கையில் நிற்பது 16 மைக்ரோவாட்.

இனிச் செலவு. தூங்கும் மைக்ரோகண்ட்ரோலர், நேரங்காட்டி மட்டும் ஓடும் நிலையில், 2 மைக்ரோஆம்பியர் எடுக்கும், 2.5 வோல்ட்டில் இறக்ககத்தின் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று) இழப்பையும் சேர்த்து 6 மைக்ரோவாட். தூங்கும் சென்சாருக்கு 1. மாற்றுச் சுற்றின் சொந்தச் செலவு 2. சேமிப்பு மின்தேக்கியின் கசிவு 1 மைக்ரோஆம்பியர் என்றால் 4 வோல்ட்டில் 4 மைக்ரோவாட். ஆகக்கூடி 13. கருவி எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதற்கே இவ்வளவு ஆகிறது.

ஒருமுறை விழித்து, அளந்து, புளூடூத்தில் அறிவித்துவிட்டுத் தூங்குவதற்கு 100 மைக்ரோஜூல் ஆகும் என்று வைத்தால், நிமிடத்துக்கு ஒருமுறை செய்வதற்குச் சராசரி 1.7 மைக்ரோவாட் போதும். மொத்தச் செலவு சுமார் 15, வரவு 16; கணக்கு இழுபறியாகத்தான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது.

கருவி நின்றுபோகும்போதெல்லாம், புதிதாகச் செய்பவர்கள் முதலில் கைவைப்பது அறிவிப்பின் இடைவெளியில்தான். ஒரு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினால் மிஞ்சுவது 1.3 மைக்ரோவாட். அதே நேரத்தில் 5 மைக்ரோஆம்பியர் கசியும் மலிவான மின்தேக்கி ஒன்று 20 மைக்ரோவாட்டை, அதாவது வரவு முழுவதையும் தாண்டி, விழுங்கிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் சம்பளம் வாடகையில் போகிறதே தவிர வெளியே குடிக்கும் காபியில் போவதில்லை. இந்தக் கருவிக்கும் அப்படித்தான்.

5. செல்லைத் தேர்ந்து சோதித்தல்

தோட்டவிளக்குகளில் வரும் படிக சிலிக்கான் தகடுகள் வெயிலுக்கு ஆனவை. மங்கிய வெளிச்சத்தில் அவற்றின் உட்கசிவு, உண்டாகும் சிறு மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதால் மின்னழுத்தம் சரிந்துவிடும், எல்.இ.டி. விளக்கில் அவற்றுக்கு உதவும் அகச்சிவப்பும் இல்லை. எனவே கால்குலேட்டரில் இருப்பது போன்ற, பழுப்பு நிற அமார்ஃபஸ் செல்லை வாங்குங்கள்.

வாங்கிய செல்லை இரண்டாம் படியில் அளந்த அதே இடத்தில் வைத்து, குறுக்கே வெவ்வேறு மின்தடைகளை இணைத்து மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். எந்த மின்தடையில் திறன் உச்சமாகிறதோ அதுவே உங்கள் உண்மையான வரவு. திறந்த சுற்று மின்னழுத்தத்தை (சுமை எதுவும் இணைக்காதபோது காட்டுவதை) மட்டும் பார்த்து மகிழ்வது மிகப் பரவலான தவறு. 4 வோல்ட் காட்டும் செல், சுமையை இணைத்ததும் அரை வோல்ட்டுக்கு விழலாம்.

பிறகு அதே செல்லை ஜன்னல் வெயிலில் வைத்துத் திறந்த சுற்று மின்னழுத்தத்தை அளங்கள். ஏழாம் படியில் நாம் இணைக்கும் மாற்றுச் சுற்றுச் சில்லின் உள்ளீடு 5.1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. யாரோ ஒருநாள் திரையை விலக்கி, வெயில் நேராக விழுந்து, சில்லு போய்விடுவது நடக்கக்கூடியதே.

6. சேமிப்பு மின்தேக்கி

வெள்ளி மாலை 7 மணிக்கு அணையும் விளக்கு திங்கள் காலை 9 மணிக்குத்தான் எரியும் என்றால் இருட்டு 62 மணி நேரம். 15 மைக்ரோவாட் வீதம் 3.35 ஜூல் வேண்டும். மின்தேக்கியை 4.2 வோல்ட்டிலிருந்து 2.7 வரை பயன்படுத்துவோம். மேல் மின்னழுத்தத்தின் வர்க்கத்திலிருந்து கீழ் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைக் கழித்துப் பாதியாக்கினால் 5.2 வரும், 3.35 ஐ அதனால் வகுத்தால் சுமார் 0.65 ஃபாரட். கொள்ளளவில் 20 விழுக்காடு குறைவாகவே வருவது சாதாரணம் என்பதால் 1 ஃபாரட் வாங்குங்கள்.

மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, தாங்கும் மின்னழுத்தம்: 2.7 வோல்ட் என்று எழுதியதைத் தனியாகப் போட்டு 4.2 வரை ஏற்றினால் அது வீங்கிக் கெடும், 5.5 வோல்ட் வகையை எடுங்கள். இரண்டாவது, கசிவு: புதிய மின்தேக்கியின் கசிவு முதல் சில மணி நேரம் மிக அதிகமாக இருந்து மெல்லக் குறையும் என்பதால், 4.2 வோல்ட்டில் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு துண்டித்து, ஒரு நாளில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 1 ஃபாரட்டில் நாளுக்கு 0.09 வோல்ட் விழுந்தால் கசிவு சுமார் 1 மைக்ரோஆம்பியர். அளக்கும் நொடியில் மட்டும் மல்டிமீட்டரைத் தொடுங்கள், இணைத்தே விட்டுவிடாதீர்கள். அதன் 10 மெகா ஓம் உள்ளீடே 0.4 மைக்ரோஆம்பியரை இழுத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, உள்மின்தடை. நாணய வடிவச் சூப்பர் கெபாசிட்டர்களில் இது 30 ஓமுக்கு மேலும் இருக்கும். ரேடியோ விழித்து 10 மில்லிஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.3 வோல்ட் சரியும். அந்தச் சரிவைத் தாங்க 100 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றை மாற்றுச் சுற்றுச் சில்லின் சேமிப்பு முனையிலேயே இணையாகப் போடுங்கள்.

7. மாற்றுச் சுற்றை இணைத்தல்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.க்யூ.25570 சில்லு பொருத்திய ஆயத்தப் பலகை தொடக்கத்துக்கு ஏற்றது. ஏற்றகம் (மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று), இறக்ககம், மின்தேக்கிக் காவல் மூன்றும் அதில் உண்டு. சொந்தச் செலவு அரை மைக்ரோஆம்பியருக்குள் அடங்கும். உயிர்பெற உள்ளீட்டில் 600 மில்லிவோல்ட் வேண்டும். பெற்ற பிறகு 100 மில்லிவோல்ட் வரை இறங்கினாலும் அறுவடை தொடரும்.

இந்தச் சில்லு 16 நொடிக்கு ஒருமுறை செல்லைச் சுமார் கால் நொடி விடுவித்து, அதன் திறந்த சுற்று மின்னழுத்தத்தைப் பார்த்து, அதில் 80 விழுக்காட்டில் செல்லை நிறுத்தி வைக்கிறது. "மின்னழுத்தம் சீராக இருக்கட்டும்" என்று உள்ளீட்டில் 100 மைக்ரோஃபாரட் போடுவோரை அடிக்கடி பார்க்கிறேன். 40 மைக்ரோஆம்பியர் கால் நொடியில் தருவது 10 மைக்ரோகூலோம்; அது 100 மைக்ரோஃபாரடை 0.1 வோல்ட் மட்டுமே உயர்த்தும். சில்லு தவறான உச்சத்தைப் பதிவுசெய்து, அதில் 80 விழுக்காடு, பிறகு அதிலும் 80 விழுக்காடு என்று இறங்கிக்கொண்டே போகும். தரவுத்தாள் சொல்லும் 4.7 மைக்ரோஃபாரடே சரி.

மேல்வரம்பை 4.2 வோல்ட்டாகவும், வெளியீட்டை 2.5 வோல்ட்டாகவும், "போதிய இருப்பு உண்டு" என்னும் சமிக்ஞையை ஏறும்போது 3.1 வோல்ட்டிலும் இறங்கும்போது 2.7 வோல்ட்டிலும் அமையுங்கள். அந்தச் சமிக்ஞையை இறக்ககத்தின் இயக்கு முனையோடு இணைப்பது கட்டாயம். இல்லையேல் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறியதும் மைக்ரோகண்ட்ரோலர் விழித்து, இருந்ததையெல்லாம் குடித்து, விழுந்து, மறுபடி விழித்து, நாள் முழுவதும் இதையே செய்துகொண்டிருக்கும். இரு வரம்புகளுக்கும் இடையே 0.1 வோல்ட் மட்டும் விட்டால், மேலே சொன்ன 0.3 வோல்ட் சரிவே அதே கூத்தை உண்டாக்கும்.

இவ்வரம்புகளை முடிவுசெய்யும் மின்தடைகள் பல மெகா ஓம் மதிப்புள்ளவை. சால்டரிங் ஃபிளக்ஸின் மிச்சம் பலகையில் இருந்தால் அதன் வழியே கசியும் மின்னோட்டமே வரம்புகளை நகர்த்திவிடும்; மழைக்கால ஈரத்தில் இது மோசமாகும். ஆல்கஹாலால் துடைத்து, உலர்த்தி, பிறகு சோதியுங்கள். இந்த முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் அது காட்டும் எண்ணும் தவறாகவே இருக்கும், ஏனெனில் மீட்டரின் மின்தடையும் இவையும் ஒரே அளவு.

8. ரேடியோவும் நிரலும்

கையில் இருக்கிறது என்பதற்காக வைஃபையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வைஃபையில் இணைந்து ஒரு செய்தி அனுப்ப 3 நொடி, 100 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் ஏறக்குறைய 1 ஜூல் ஆகும். நம் செல்லுக்கு அது மூன்றரை மணி நேர உழைப்பு. நெடுந்தொலைவு ரேடியோவான லோரா, குறைந்த பரவல் எண்ணில் (எண் கூடினால் தொலைவு கூடும், அனுப்பும் நேரமும் கூடும்) சில மில்லிஜூல், அதிகபட்ச எண்ணில் 100 மில்லிஜூலுக்கு மேல். ஒரே தளத்துக்குள் என்றால், இணைப்பு எதுவும் ஏற்படுத்தாமல் அறிவிப்பை மட்டும் ஒலிபரப்பும் புளூடூத்தே சிக்கனம். அதைக் கேட்கும் கருவி எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பதால், அதைச் சுவர் மின்சாரத்தில் செருகிவிடுங்கள், அதற்கு ஈ.எஸ்.பி.32 பலகை தாராளமாகப் போதும்.

நமது பக்கம் என்.ஆர்.எஃப்.52832 போன்ற சில்லு உள்ள வெறும் மாட்யூலை எடுங்கள். யு.எஸ்.பி. இணைப்பும் மின் விளக்கும் உள்ள பழகு பலகைகளில், சில்லு தூங்கினாலும் பலகை தூங்காது. அதன் மின்னழுத்தச் சீராக்கி மட்டுமே சில மில்லிஆம்பியர் இழுக்கக்கூடும்.

நிரலில் முதல் வரியிலிருந்தே சிக்கனம் தொடங்க வேண்டும். எழுத்துவடிவப் பிழைத்திருத்த வெளியீட்டை நீக்குங்கள். சென்சார் கம்பிகளுக்கு 4.7 கிலோ ஓம் இழுமின்தடை (கம்பியை உயர்நிலைக்கு இழுத்து வைக்கும் மின்தடை) போட்டுவிட்டு, தூங்கும்போது அந்தக் கம்பியைத் தாழ்நிலையில் விட்டால் அரை மில்லிஆம்பியர் வீணாகும். உயர்நிலையில் அல்லது துண்டித்த நிலையில் விடுங்கள். ஒவ்வோர் அறிவிப்பிலும் மின்தேக்கியின் மின்னழுத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள், ஏனெனில் பின்னால் கோளாறு பார்க்கும்போது உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான். அந்த மின்னழுத்தம் 3.2 க்குக் கீழே போனால் இடைவெளியைப் பத்து நிமிடமாக்கி, 3.5 ஐத் தாண்டிய பிறகே பழைய இடைவெளிக்குத் திரும்புங்கள்.

9. உண்மைச் செலவை அளத்தல்

மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் வரம்பில் உள்ளே 100 ஓம் அளவிலோ அதற்கு மேலோ மின்தடை இருக்கலாம். ரேடியோ விழிக்கும் கணத்தில் அதன் குறுக்கே ஒரு வோல்ட் விழுந்து கருவி மீளத் தொடங்கிவிடும். எனவே தூக்கச் செலவை மட்டும் மீட்டரில் அளங்கள். விழிப்புச் செலவை 10 ஓம் மின்தடையின் குறுக்கே ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். 5 மில்லிஆம்பியர் அங்கே 50 மில்லிவோல்ட்டாகத் தெரியும். அந்த வடிவத்தின் பரப்பை 10 ஓமால் வகுத்தால் வருவதே செலவான மின்னூட்டம்.

நிரலை ஏற்றியவுடன் அளந்தால் எண் பயமுறுத்தும், ஏனெனில் சில்லு இன்னும் பிழைத்திருத்த நிலையில் இருக்கும். ஏற்றும் கம்பியைக் கழற்றி, மின்சாரத்தை ஒருமுறை துண்டித்துக் கொடுத்த பிறகு அளங்கள். "அண்ணா, நிரல் தப்பு போல" என்று ஒரு தங்கை மூன்று மணி நேரம் வரிவரியாகத் தேடியது இந்தக் கம்பியால்தான்.

10. முதல் உயிரூட்டலும் மாட்டுதலும்

காலியான 1 ஃபாரட் மின்தேக்கியை 80 மைக்ரோவாட்டில் 4.2 வோல்ட் வரை ஏற்ற 30 மணி நேர வெளிச்சம் வேண்டும். உண்மையில் இன்னும் அதிகமாகும், ஏனெனில் 1.8 வோல்ட்டுக்குக் கீழே சில்லின் தொடக்கச் சுற்று மிகக் குறைந்த திறமையோடுதான் இயங்கும். மாட்டிவிட்டுக் காத்திருந்து, மறுநாள் "வேலை செய்யவில்லை" என்று கழற்றிவிடுவோர் பலர்.

இரண்டு ஏஏ பேட்டரிகளைத் தொடராக வைத்து, 100 ஓம் மின்தடை வழியாக ஐந்து நிமிடம் மின்தேக்கிக்கு ஏற்றுங்கள், சுமார் 2.85 வோல்ட் வந்துவிடும். மின்தடையை விட்டுவிட்டால் தொடக்க மின்னோட்டம் அளவுக்கு மீறும். பேட்டரியைக் கழற்றிய பின் 3.1 வோல்ட்டை எட்டுவதற்கு இரண்டரை மணி நேரம் வெளிச்சம் படவேண்டும். முதல் அறிவிப்பு அதன் பிறகே வரும்.

சுவரில் மாட்டுமுன் கருவியை அட்டைப் பெட்டிக்குள் 62 மணி நேரம் மூடி வைத்து, அறிவிப்பில் வரும் மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். கணக்கில் போட்டதைவிட வேகமாக இறங்கினால் தூக்கச் செலவையும் கசிவையும் மறுபடி அளக்க வேண்டும், நிரலின் இடைவெளியை அல்ல.

மாட்டும்போது ஆண்டெனாவின் மேலே செல்லை வைக்காதீர்கள்; அதன் பின்னுள்ள உலோகப்பூச்சு அலையை மறைக்கும். இரும்பு அலமாரியின் முகத்தில் ஒட்டுவதும் அப்படியே. செல் தரைக்குச் செங்குத்தாக இல்லாமல் விளக்கை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தால் வரவு கூடும், ஆனால் சாய்ந்த பரப்பில் தூசியும் கூடும். சாலையோர அறை என்றால் மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அன்றைய மின்னழுத்தத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் தேதியோடு எழுதி வையுங்கள்.